லாரிக்குள் ஓர் அடுப்பு!
பழைய லாரியின் கேபினில் சூட்டையும் சத்தத்தையும் அடக்குவது எப்படி?

எரிகிற அடுப்பின் முன்னால் உட்கார்ந்து சமைக்கிற பெண்களுக்கு அந்தச் சூடு எப்படிப்பட்டது என்று தெரியும். ஒரு மணி நேரத்தில் உடம்பு முழுவதும் வேர்த்துவிடும்.

அந்த அடுப்பை அணைக்காமல், அதன் பக்கத்திலேயே பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். காதுக்கு அருகே ஓயாமல் ஒருவர் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார். அந்த நிலையில், பல டன் சரக்கோடு ஒரு வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு போக வேண்டும்!

முடியுமா?

முடிகிறது. பழைய லாரி ஓட்டும் டிரைவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். நாம் சாப்பிடும் அரிசியும், உப்பும், வெங்காயமும் அப்படித்தான் நம் ஊருக்கு வந்து சேருகின்றன.

புது லாரிகளுக்கு ஒரு வழி பிறந்துவிட்டது. 2023-ம் ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு ஓர் உத்தரவு வெளியிட்டது. 2025 அக்டோபர் 1-ந் தேதி முதல் தயாராகும் லாரிகளின் டிரைவர் கேபினில் ஏ.சி. இருக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு இது பொருந்தும்.

ஆனால் அதற்கு முன்பே தயாராகி, சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் லாரிகள்?

அவற்றுக்கு இந்த உத்தரவு இல்லை. அந்த லாரிகளின் கேபினில் சூட்டையும் சத்தத்தையும் குறைக்க வழி உண்டா?

உண்டு. பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று தெரிந்தால் போதும். டிங்கர் பட்டறையிலேயே அந்த வேலையை முடித்துவிடலாம்.

கேபினுக்குள் எஞ்சின்

சென்னையை அடுத்த எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் கம்பெனி 1948-ல் தொடங்கியது. 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. ஜாம்ஷெட்பூரில் டாடா கம்பெனி, ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸ் கம்பெனியோடு சேர்ந்து 1954-ல் லாரி செய்யத் தொடங்கியது. இந்த இரண்டு கம்பெனிகளின் லாரிகளும் நாடு முழுவதும் பரவின.

அந்தக் காலத்து லாரிகளைக் கம்பெனி முழு வண்டியாகக் கொடுப்பதில்லை. எஞ்சின், சக்கரம், அடிச்சட்டம், முன்முகப்பு ஆகியவற்றைத்தான் கொடுக்கும். கேபினையும், சரக்கு ஏற்றும் பெட்டியையும் பாடி கட்டும் பட்டறையில்தான் கட்டுவார்கள். நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரங்கள் இந்தத் தொழிலுக்குப் பேர் போனவை.

மரச்சட்டம், அதன் மேல் இரும்புத் தகரம். இதுதான் கேபின். வீட்டுக்குத் தகரக் கூரை போட்டது போலத்தான்!

இன்னொரு விஷயமும் உண்டு. வண்டியின் மூக்கு நீளமாக இருந்தால் சரக்கு ஏற்றும் இடம் குறையும். அதனால் பல லாரிகளில் எஞ்சினின் ஒரு பகுதியை கேபினுக்கு உள்ளேயே தள்ளி வைத்தார்கள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் பெட்டி போல உயர்ந்து நிற்கிறதே, அதுதான் எஞ்சினை மூடும் பானெட். அதற்கு அந்தப் பக்கம் எஞ்சின், இந்தப் பக்கம் டிரைவரின் தொடை. நடுவில் இருப்பது ஒரு தகரம்!

மூன்று வழியில் வரும் சூடு

கேபினுக்குள் சூடு மூன்று வழியாக வருகிறது.

முதல் வழி எஞ்சின். எரியும் டீசலின் சக்தி முழுவதும் வண்டியை ஓட்டப் பயன்படுவதில்லை. பாதிக்கு மேல் வெறும் சூடாகவே போய்விடுகிறது. எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரே 80, 90 டிகிரி சூட்டில் இருக்கும். புகை போகும் குழாயின் சூடு சில நூறு டிகிரி. இந்தச் சூடு பானெட் வழியாகவும், காலடித் தகரம் வழியாகவும் ஏறுகிறது.

இரண்டாவது வழி சூரியன். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் சுமார் 1,000 வாட் சக்தி விழுகிறது. கேபின் கூரையின் பரப்பு மூன்று சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மின்சார இஸ்திரிப் பெட்டிகளை டிரைவரின் தலைக்கு மேல் வைத்ததற்குச் சமம்!

மூன்றாவது வழி ஓட்டைகள். கிளட்ச், பிரேக் மிதிகள் இறங்கும் துளைகள், கியர் கம்பி இறங்கும் துளை, ஒயர் போகும் துளைகள், பானெட் ஓரத்து இடுக்குகள். எஞ்சினைச் சுற்றியுள்ள சுடுகாற்று இவற்றின் வழியாக நேரே உள்ளே வருகிறது.

இந்தச் சூட்டில் உடம்பில் உள்ள தண்ணீர் வேர்வையாகப் போய்விடும். களைப்பு வரும். கவனம் சிதறும். கண் செருகும். சாலையில் ஒரு விநாடி கவனம் தப்பினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

போன காது வராது

சூட்டையாவது வண்டியை விட்டு இறங்கியதும் மறந்துவிடலாம். சத்தம் அப்படி அல்ல. அது செய்த தீங்கு வீடு வரை கூடவே வரும்.

நம் உள்காதில் மெல்லிய மயிர் போன்ற நுனிகள் உள்ள சிறு அணுக்கள் இருக்கின்றன. ஒரு காதில் சுமார் 15,000. சத்தத்தை மூளைக்குச் சொல்லுபவை இவைதான். பெரிய சத்தத்தில் நாள் கணக்கில், ஆண்டுக் கணக்கில் அடிபட்டால் இவை மடிந்துவிடும். மடிந்தால் மடிந்ததுதான். தலை மயிர் போலத் திரும்ப முளைக்காது.

முதலில் கீச்சென்ற மெல்லிய ஒலிகள்தான் கேட்காமல் போகும். குழந்தை பேசுவது புரியாது. மனைவி கூப்பிட்டால் "என்ன, என்ன?" என்று கேட்க நேரும். டெலிவிஷன் சத்தத்தைக் கூட்டச் சொல்லுவார். வீட்டில் உள்ளவர்கள் அவருக்குக் கவனம் இல்லை என்று நினைப்பார்கள். உண்மையில் அவருடைய காதுதான் போய்க்கொண்டிருக்கும்.

சத்தத்தை அளக்கும் அளவு டெசிபெல். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபெல். வேலை செய்யும் இடத்தில் 85 டெசிபெல் சத்தத்தை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்காவின் தேசிய தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனத்தின் யோசனை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். 88 டெசிபெல் என்றால் நாலு மணி நேரம். 91 என்றால் இரண்டே மணி நேரம்!

இதைத் திருப்பிப் பாருங்கள். கேபினில் 3 டெசிபெல் சத்தம் குறைந்தால், காது தாங்கும் நேரம் இரண்டு மடங்காகிறது. ஆகவே, கொஞ்சம் குறைத்தாலும் லாபம்தான்.

கருவி இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கை தூரத்தில் இருக்கும் கிளீனரிடம் பேச டிரைவர் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறதா? அப்படியானால் அந்தக் கேபினில் சத்தம் 85 டெசிபெலைத் தொட்டிருக்கக் கூடும்.

முதலில் பழுது பார்க்க வேண்டும்

கேபினுக்குள் பஞ்சு அடைப்பதற்கு முன்னால், சத்தம் பிறக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும்.

சைலன்சரில் ஓட்டை இருக்கிறதா? புகைக் குழாயின் இணைப்பில் கசிவு இருக்கிறதா? எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் நைந்து போயிருக்கின்றனவா? கதவுப் பூட்டும், போல்ட்டுகளும் ஆடுகின்றனவா? இவற்றைச் சரி செய்தாலே பாதி அலறல் அடங்கிவிடும்.

அடுத்தது ஓட்டைகளை அடைப்பது. இதைப் பலர் சின்ன வேலை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அதுதான் தவறு.

ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால் போதும். தடுப்பு எவ்வளவு கனமாக இருந்தாலும், சத்தம் 20 டெசிபெலுக்கு மேல் குறையாது. கதவை முழுவதும் சாத்துவதற்கும், ஒரு விரல் இடுக்கு விட்டுச் சாத்துவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று வீட்டிலேயே பார்க்கலாம்.

ஒயர் போகும் துளைகளுக்கு ரப்பர் வளையம் போட வேண்டும். கியர் கம்பிக்கும், மிதிகளுக்கும் கிழியாத ரப்பர் உறை வேண்டும். பானெட் உட்காரும் ஓரம் முழுவதும் சூடு தாங்கும் ரப்பர் பீடிங் ஒட்ட வேண்டும். கதவு பீடிங் காய்ந்து வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். சத்தம் வரும் வழிதான் சுடுகாற்று வரும் வழியும். ஒரே வேலையில் இரண்டு பலன்!

வெண்கலத் தட்டு சொல்லும் பாடம்

வெண்கலத் தட்டை ஒரு தட்டு தட்டினால் "ணங்" என்று ஒலிக்கும். உடனே அதன் மேல் கையை வைத்தால் ஒலி நின்றுவிடும். ஏன்? தட்டின் அதிர்வைக் கை வாங்கிக்கொள்கிறது.

கேபின் தகரமும் அப்படித்தான். எஞ்சின் அதிர, தகரமும் மேளம் போல அதிருகிறது. அதன் மேல் கை வைப்பதற்குப் பதிலாக, தார் கலந்த கனமான ஷீட்டையோ, பியூட்டைல் ரப்பர் ஷீட்டையோ ஒட்டுகிறார்கள். கார்களில் ஒட்டுவதற்கென்று செய்த ஷீட்டுகள் கிடைக்கின்றன. கட்டடத்து மாடியில் ஒட்டும் தார் ஷீட்டை வாங்கி ஒட்டக் கூடாது. சூட்டில் அது இளகி நாறும்.

தகரம் முழுவதையும் மூட வேண்டியதில்லை. ஒவ்வொரு தகரத்திலும் கால் பங்கிலிருந்து பாதி வரை, நடுப்பகுதியில் ஒட்டினால் போதும். இரண்டு மில்லிமீட்டர் ஷீட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ எடை இருக்கும்.

ஒட்டுவதற்கு முன் துருவைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பிரைமர் அடித்துக் காய விட வேண்டும். ஒட்டிய பிறகு உருளை வைத்து நன்றாக அழுத்த வேண்டும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். "டங்" என்று கேட்ட தகரம் "தொப்" என்று கேட்டால் வேலை பலித்துவிட்டது.

மெத்தையும் சுவரும்

அதிர்வு அடங்கினாலும் காற்றில் வரும் சத்தம் பாக்கி இருக்கிறது. அதைத் தடுக்கக் கனம் வேண்டும். ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் பேசுவது கேட்கும். செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது கேட்காது. கனம்தான் காரணம்.

ஆகவே காலடியில் கழிவுப் பஞ்சில் செய்த கனத்த ஃபெல்ட் துணியைப் பரப்பி, அதன் மேல் கனமான ரப்பர் விரிப்பைப் போட வேண்டும். கீழே மெத்தென்று இருக்க வேண்டும். மேலே கனமாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல பலன்.

உள்ளே வந்துவிட்ட சத்தம் தகரத்துக்குத் தகரம் மோதி எதிரொலிக்கும். சாமான் இல்லாத வீட்டில் பேசினால் கணீரென்று கேட்கிறதல்லவா? அதே வீட்டில் மெத்தையும் துணியும் வந்தால் அந்த எதிரொலி இராது. அதுபோல கேபின் கூரையிலும், பின்சுவரிலும் ஃபெல்ட் வைத்து, அதன் மேல் துளையிட்ட ரெக்சினைப் போர்த்தலாம்.

கூரைக்கு வெள்ளை

இனி சூட்டின் கதை.

மிகச் சுலபமான வேலை, கேபின் கூரையின் வெளிப்பக்கத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிப்பது. புதிய வெள்ளைப் பெயிண்ட் வெயிலில் பெரும் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். அடிக்கடி கழுவி வைத்தால்தான் இந்தப் பலன் நிற்கும்.

உள்ளே என்ன செய்வது? ஓலைக் குடிசை ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது? ஓலைகளுக்கு நடுவே காற்று சிறைப்பட்டிருக்கிறது. நகராத காற்று சூட்டைச் சுலபமாகக் கடத்தாது. கூரைத் தகரத்துக்கும் உள் லைனிங்குக்கும் நடுவே ஃபெல்ட்டோ, தண்ணீர் ஊறாத ரப்பர் நுரை ஷீட்டோ வைத்தால் அதே பலன் கிடைக்கும்.

பளபளக்கும் அலுமினியத் தாள் ஒட்டிய ஷீட்டுகளும் உண்டு. அந்தத் தாள், தன் மேல் வீசும் சூட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் ஒரு நிபந்தனை! பளபளப்பான முகத்துக்கு முன்னால் காற்று இடைவெளி இருக்க வேண்டும். சூடான தகரத்தோடு ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் சூட்டைக் கடத்தத்தான் செய்யும். இதைத் தெரியாமல் ஒட்டிவிட்டு, "பலன் இல்லையே!" என்பவர்கள் உண்டு.

பானெட்டுக்கு மட்டும் தனிப் பொருள் வேண்டும். அதன் உட்பக்கத்தில், எரியாத கண்ணாடிப் பஞ்சு அல்லது செராமிக் பஞ்சு வைத்து, அலுமினியத் தாள் எஞ்சினைப் பார்க்கும்படி மூட வேண்டும். வெறும் பசையை நம்பக் கூடாது. சூட்டில் பசை விடும். ஸ்குரூவும் வாஷரும் போட்டு இறுக்க வேண்டும். எஞ்சின் மேல் விழுந்துவிட்டால் ஆபத்து. இந்தப் பஞ்சுகளைக் கையாளும்போது கையுறையும், முகமூடியும், முழுக்கைச் சட்டையும் கட்டாயம் வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகுதான் ஏ.சி.யைப் பற்றி யோசிக்க வேண்டும். ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்ப முடியாது. சூடு தடுக்காத கேபினில் ஏ.சி. போட்டால், டீசல்தான் வீணாகும்.

எதைச் செய்யக் கூடாது?

மலிவாகக் கிடைக்கிறதே என்று எதையும் எடுத்து அடைத்தால், கேபின் குளிராது, எரியும்!

எஞ்சின் பக்கத்தில் மெத்தை ஸ்பஞ்சு வைக்கக் கூடாது. அது தீப்பிடித்தால் வரும் புகை உயிரைக் கொல்லும் விஷம். தெர்மாகோல் கொதிநீர்ச் சூட்டிலேயே இளகிவிடும். சாக்கை நனைத்து பானெட் மேல் போடும் பழக்கம் உண்டு. ஈரம் இருக்கும் வரை குளிர்ச்சிதான். ஆனால் எண்ணெய் ஊறிய சாக்கு, திரிக்குச் சமம். தென்னை நார் மெத்தை நல்ல பொருள்தான். அதையும் எஞ்சினுக்குத் தூரத்தில்தான் வைக்க வேண்டும்.

புகைக் குழாயில் கசிவு இருக்கும்போது கேபினை இறுக்கி மூடக் கூடாது. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். வெளிக்காற்று வரும் ஜன்னலும், முன்பக்கத் துவாரமும் எப்போதும் வேலை செய்ய வேண்டும்.

கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடிய சிறு துளைகள் இருக்கும். அவற்றை அடைக்கக் கூடாது. அடைத்தால் உள்ளிருந்தே துரு தின்னும். ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழியையும் மறைக்கக் கூடாது.

சில பழைய வண்டிகளின் புகைக் குழாயில் வெள்ளைக் கயிறு போலச் சுற்றியிருக்கும். அது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைப் பிய்க்கவோ, தட்டவோ, காற்றடித்து ஊதவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலில் தங்கிப் புற்றுநோயைக் கொண்டுவரும்.

வேலையைத் தொடங்கும் முன் பாட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பட்டை உரிந்த ஒயரைப் பஞ்சுக்கு அடியில் புதைக்கவே கூடாது.

எப்போது செய்வது?

எட்டு ஆண்டு தாண்டிய லாரிக்கு ஒவ்வோர் ஆண்டும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதைத்தான் எப்.சி. என்கிறார்கள். அதற்காக வண்டியைப் பட்டறையில் விட்டு, டிங்கர் வேலை பார்த்து, பெயிண்ட் அடிப்பார்கள். சீட்டைக் கழற்றுவார்கள். விரிப்பை எடுப்பார்கள். கேபின் வேலைக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. முதல் ஆண்டு பழுதுகளும் ஓட்டைகளும். கூரைக்கு வெள்ளை. அடுத்த ஆண்டு பானெட்டும் காலடியும். அதற்கடுத்த ஆண்டு கதவும் கூரை லைனிங்கும். இந்த வரிசையில் செய்தால், செலவு செய்யும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பலன் தெரியும்.

லாரியின் நெற்றியில் சாமி பெயரும், பிள்ளைகள் பெயரும் எழுதி, பூ மாலை போட்டு அனுப்புவது நம் வழக்கம். கண் பட்டுவிடக் கூடாது என்று எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுகிறோம். அந்த அக்கறையில் ஒரு பங்கு கேபினுக்குள்ளும் போகட்டும். முதலாளிக்கு அது வீண் செலவல்ல. களைக்காத டிரைவர்தான் வண்டிக்கும் சரக்குக்கும் காவல். டிரைவர் வீட்டாருக்கோ அதைவிடப் பெரிய லாபம் உண்டு. லைனுக்குப் போனவர் பத்திரமாகத் திரும்பி வருவார். வாசலில் "அப்பா!" என்று குழந்தை கூப்பிடும் குரலும் அவர் காதில் விழும்.